கோழிக்காலும் ஆட்டெலும்பும் இருந்தால் எலும்பைப் படிக்கலாம்

எலும்பை உடம்புக்குள் நிற்கும் வெறும் கம்பு என்றுதான் பிள்ளைகள் நினைக்கிறார்கள். அது உயிருள்ளது, வளர்வது. குசினியிலேயே இதைக் காட்டலாம். கிளிநொச்சியில் என் வகுப்பில் செய்தபடி எழுதுகிறேன்.

படி 1: இரண்டு கோழிக்கால் எலும்புகளைச் சுரண்டிக் கழுவுங்கள். ஒன்றைப் போத்தலில் போட்டு, மூழ்கும்படி வினாகிரி ஊற்றுங்கள். மூடியை இறுக்க வேண்டாம், வாயு வெளியேற வேண்டும். கொஞ்ச நேரத்தில் எலும்பில் பொடிக் குமிழிகள் ஒட்டும். இரண்டு நாளுக்கொருமுறை வினாகிரியை மாற்றுங்கள். ஒரு வாரத்தில் எலும்பு இறப்பர் மாதிரி வளையும். ஒரு பெடியன் அதில் முடிச்சுப் போடவே பார்த்தான்.

படி 2: பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க, மற்றதை வெளியடுப்பில் வெள்ளையாகும் வரை சுடுங்கள். ஆறியபின் விரலால் அழுத்தினால் நொறுங்கும். வினாகிரி கல்சிய உப்பைக் கரைத்துவிட்டு, கொலாஜன் என்ற புரத நாரை விட்டுவைத்தது. நெருப்பு நாரை எரித்துவிட்டு உப்பை விட்டுவைத்தது. சீமெந்தும் கம்பியும் சேர்ந்து தூண் ஆவதைப்போல, இரண்டும் சேர்ந்தால்தான் எலும்பு.

படி 3: இறைச்சிக் கடையில் இளம் ஆட்டின் தொடை எலும்பை நெடுக்காகப் பிளக்கச் சொல்லுங்கள். வெளியே இறுகிய சுவர், நடுவே மச்சை என்ற மெதுமையான ஊன் நிறைந்த குழாய். முனைகளில் கடற்பஞ்சு போலச் சின்னச் சின்ன அறைகள். சிவப்பு மச்சையில்தான் இரத்தக் கலங்கள் உருவாகின்றன.

படி 4: இப்போது உங்கள் உடம்பைத் தடவுங்கள். தொடையில் நீள எலும்பு, மணிக்கட்டில் குட்டை எலும்புகள் எட்டு, மண்டையில் தட்டை எலும்பு, முதுகில் ஒழுங்கற்ற வடிவம். முழங்கால் சிரட்டை எள்ளின் பெயரால் அழைக்கப்படும் வகை.

படி 5: இதுதான் எனக்குப் பிடித்த படி. இளம் ஆட்டின் இன்னொரு கால் எலும்பை நன்றாக அவியுங்கள். முனையிலுள்ள குமிழ், தொப்பி கழன்றதுபோல விடுபட்டு வரும். அந்த இடைவெளியில் இருந்தது கசியிழையத் (குருத்தெலும்பு) தட்டு. நீள எலும்பு நீள்வது அங்கேதான். பனையில் இடுப்பளவில் வெட்டிய அடையாளம் பத்து வருடத்துக்குப் பிறகும் இடுப்பளவிலேயே நிற்கும், மரம் உச்சியில்தானே வளர்கிறது. எலும்பின் நடுப்பகுதியும் அப்படித்தான், நீளாது. பருமனோ வெளிச்சவ்விலிருந்து கூடும்.

வன்னியில் கண்ணிவெடியில் சின்ன வயதிலேயே காலை இழந்தவர்கள் இருக்கிறார்கள். வளரும் பிள்ளையில் வெட்டுண்ட நுனியில் புது எலும்பு படிந்து தோலை முட்டக்கூடும். அப்போது திரும்பவும் சத்திரசிகிச்சை வேண்டிவரும். வளர வளரப் பொய்க்காலையும் மாற்றவேண்டும். இதைச் சொன்ன அன்று வகுப்பு வெகுநேரம் பேசவில்லை.

பிறக்கும்போது முந்நூறை அண்டியிருக்கும் எலும்புகள் ஒன்றோடொன்று கூடி, வளர்ந்தவரில் 206 ஆகின்றன. கடைசியாகப் பொருந்துவது காறை எலும்பு, இருபதுகளின் நடுவில். சரி, முதிர்ந்த ஆட்டின் எலும்பையும் ஒருநாள் அவித்துப் பாருங்கள். எவ்வளவு விறகு எரித்தாலும் அந்தத் தொப்பி கழராது.