நிகழ்ச்சிக் குழுவில் அறிவிப்பு மூழ்காமல் இருக்க

"அரங்கு மாறியிருக்கிறது" என்று வாட்ஸ்அப் குழுவில் போடுகிறீர்கள். கீழே நாற்பது வணக்கம், கைகூப்பும் ஈமோஜி, யாரோ அனுப்பிய பூங்கொத்துப் படம். செய்தி மேலே போய்விட்டது, இனி "எந்த அரங்கு?" என்ற கேள்விக்கே பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அட்மின் வேலையில் முக்கால்வாசி, அறிவிப்பைக் கண்ணில் படும்படி வைப்பதுதான்.

அதனால் குழுவை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். ஒன்றில் அட்மின்கள் மட்டும் எழுதலாம். மற்றது கேள்விக்கும் அரட்டைக்கும். கம்யூனிட்டியாக (பல குழுக்களை ஒன்றாக இணைக்கும் வாட்ஸ்அப் வசதி) தொடங்கினால் அறிவிப்புக் குழு தானாகவே வந்துவிடும், அதில் உறுப்பினர்களின் போன் எண் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது. சாதாரணக் குழுவில் எல்லார் எண்ணும் எல்லாருக்கும் தெரியும். முன்பின் தெரியாதவர் தனியாக மெசேஜ் அனுப்பித் தொல்லை கொடுப்பது பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகிறது. ஆகவே எண் மற்றவர்களுக்குத் தெரிவதற்குப் பதிவுப் படிவத்திலேயே சம்மதம் கேட்டுவிடுங்கள்.

சேரும் லிங்க்கைப் பொதுவில் போட வேண்டாம். புதியவர்களை அட்மின் ஏற்றால்தான் சேரலாம் என்ற அமைப்பை இயக்கி, பெயரைப் பதிவுப் பட்டியலோடு ஒப்பிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். லிங்க் வெளியே போய்விட்டால் ரீசெட் செய்தால் பழையது செத்துவிடும்.

பின் (pin) செய்து குழுவின் மேலே நிறுத்திய செய்தி தாமதமாகச் சேர்ந்தவருக்குத் தெரியாமல் போகலாம். இடம், நேரம், உதவி எண், விதிகள் எல்லாம் குழு விவரத்தில் இருக்கட்டும்.

மாற்றத்தை இப்படி எழுதுங்கள்: "மாற்றம் (காலை 10.20): பிற்பகல் 2 மணிப் பயிலரங்கு அறை 3-இல் இல்லை, அறை 5-இல். நேரம் மாறவில்லை." அடைப்புக்குறி நேரம் எதற்கென்றால், இதே செய்தி மதியம் ஃபார்வர்டாகி வரும்போது எது புதியது என்று தெரிய வேண்டும். கடைசி வாக்கியம் இல்லாவிட்டால் பத்துப் பேர் நேரத்தைக் கேட்பார்கள். தவறாகப் போட்டால் எடிட் மட்டும் போதாது, படித்தவர் படித்துவிட்டார். "திருத்தம்" என்று தொடங்கிப் புதிதாகவே போடுங்கள்.

அட்மின் ஒரு செய்தியை நீக்கினால், நீக்கியது அட்மின் என்று அந்த இடத்தில் எல்லாருக்கும் தெரியும். எழுதியவருக்கு அது சங்கடம். உடனே தனியாக ஒரு வரி: "விளம்பரம் இங்கே வேண்டாம் என்று விதி, அதனால் எடுத்தேன்." பெரும்பாலானோர் அதோடு விட்டுவிடுவார்கள். மறுபடி செய்தால் எச்சரிக்கை, மூன்றாவது முறை வெளியே. மிரட்டல், ஆபாசம், பிறர் எண்ணையோ படத்தையோ கேட்காமல் போடுவது ஆகியவற்றுக்கு இந்தப் படிகள் கிடையாது: ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு நீக்கி, ஆளையும் குழுவிலிருந்து நீக்கிவிடுங்கள். ஸ்கிரீன்ஷாட் இல்லாமல் நீக்கினால் பிறகு புகாருக்கு ஆதாரம் இருக்காது.

சண்டை மூண்டால் நடுவில் புகுந்து தீர்ப்புச் சொல்லாதீர்கள். அரைமணி நேரம் குழுவைப் பூட்டி (அட்மின்கள் மட்டும் எழுதும்படி மாற்றி), எப்போது திறக்கும் என்று மட்டும் எழுதுங்கள். டெலிகிராமில் ஸ்லோ மோட் உண்டு; ஒருவர் அடுத்த செய்தி அனுப்ப சில விநாடி முதல் 1 மணி நேரம் வரை இடைவெளி வைக்கலாம்.

குறைந்தது மூன்று அட்மின்கள் முறைவைத்துப் பாருங்கள். மேடையில் நிற்பவரை இதில் கணக்கில் சேர்க்காதீர்கள், அவரால் போனைப் பார்க்க முடியாது. குழந்தை காணவில்லை என்றால் படத்தைக் குழுவில் போடாமல் தன்னார்வலர் குழுவுக்கு மட்டும் அனுப்புங்கள். பொதுக் குழுவில் போட்டால், குழந்தை கிடைத்த பிறகும் அந்தப் படம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

நிகழ்ச்சி முடிந்ததும், தவறவிட்ட பொருள்களுக்காக மூன்று நாள் திறந்து வையுங்கள். மூடும் தேதியை முன்கூட்டியே அறிவித்து, அன்று குழுவைப் பூட்டி, எண்கள் அடங்கிய பட்டியலையும் அழித்துவிடுங்கள்.