போனை வைத்த பிறகும் மனசு கனக்கிறதா? முதலில் சித்தி மகளை ம்யூட் செய்யுங்கள்

இன்ஸ்டாகிராமை அழித்துவிடு என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள். நான் மூன்று தடவை அழித்து, மூன்று தடவையும் ஒரே வாரத்தில் திரும்ப ஏற்றியவன்.

அதற்குப் பதில் நாலைந்து நாள் எதையும் மாற்றாமல், போனைக் கீழே வைக்கும்போதெல்லாம் மனசு எப்படி இருக்கிறது, கடைசியாக யாருடைய பதிவைப் பார்த்தோம் என்று மட்டும் ஒரு சீட்டில் குறித்து வையுங்கள். என் சீட்டில் சினிமா நட்சத்திரம் ஒருவர்கூட இல்லை. கல்லூரியில் பக்கத்தில் உட்கார்ந்தவன் வாங்கிய கார், சித்தி மகளின் கிரகப்பிரவேசம், இவ்வளவுதான். நடிகர் பங்களா கட்டினால் நமக்கென்ன, நம்மிடம் டீக்குக் காசு கேட்டவன் கட்டினால்தான் தூக்கம் போகிறது.

சீட்டில் திரும்பத் திரும்ப வரும் பெயர்களை ம்யூட் செய்யுங்கள், அதாவது அவர்கள் பதிவு நம் கண்ணில் படாதபடி மறைத்துவிடுங்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அவர் பெயரை அழுத்திப் பிடித்தால் போதும். இன்ஸ்டாவில் அவர் பக்கத்தில் 'ஃபாலோயிங்' பட்டனுக்குள் இருக்கிறது. ஃபேஸ்புக்கில் நண்பராக இருந்துகொண்டே அன்ஃபாலோ செய்யலாம். எதிலும் அவர்களுக்குத் தகவல் போகாது, கல்யாண வீட்டில் எதிரே வந்தால் நெளிய வேண்டியதில்லை. (சித்தி மகளோடு இப்போதுதான் நன்றாகப் பேசுகிறேன்.)

அப்புறம் நேரம். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 143 மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2018-இல் வெளியானது. அதில் ஒரு பிரிவினர் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் ஒவ்வொன்றையும் நாளுக்கு 10 நிமிடத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். மூன்று வாரத்தில் அவர்களிடம் தனிமை உணர்வும் மனச்சோர்வும் குறைந்தன. முழுதாக விடச் சொல்லவில்லை, பாருங்கள். போன் செட்டிங்ஸிலேயே ஆப்புக்கு நேர வரம்பு வைக்கலாம், ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு அந்த வரம்பைத் தாண்ட இரண்டு மூன்று தட்டுப் போதும் என்பதால் நான் அதை நம்புவதில்லை. சார்ஜரை ஹாலுக்கு மாற்றிவிட்டு, அலாரத்துக்கு ஒரு கடிகாரம் வாங்கிவிட்டேன்.

படம் போட்டுவிட்டு லைக் எண்ணிக்கொண்டே இருப்பவரா? எண்ணிக்கையை மறைக்கும் வசதி 2021-இலிருந்தே இன்ஸ்டாவில் இருக்கிறது.

இதெல்லாம் செய்தும் இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் காரணம் போன் மட்டுமாக இருக்காது. 14416-ஐக் கூப்பிடுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், 24 மணி நேரமும் கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.