மாஜரினும் பஞ்சும் ஐஸும்: பனிக்கரடிப் பாடம் படிப்பிக்கும் வழி

கல்லடியில் சின்னப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். வருசம் முழுக்க வியர்க்கிற ஊரில், உறைந்த கடலில் ஒரு மிருகம் எப்படி உயிர் வாழ்கிறது என்பதை வாயால் சொல்லி விளங்கப்படுத்த ஏலாது. கையால் உணர வைக்கலாம்.

மீன் வாடியில் ஐஸ் வாங்கி உடைத்து, பேசினில் போட்டு, மிதக்கிற அளவுக்குத் தண்ணீர் விடுங்கள். உப்புப் போடவே கூடாது. உப்புக் கலந்தால் குளிர் பூச்சியத்துக்கும் கீழே இறங்கி, பிள்ளைகளின் தோலைப் புண்ணாக்கிவிடும்.

ஒரு பொலித்தீன் பைக்குள் மாஜரினைத் தாராளமாக வைத்து, இன்னொரு பையை அதற்குள் செருகி, வெளியே இருந்து பிசைந்து சமமாகப் பரப்புங்கள். விரல் நுனிப் பக்கம் மெலிந்துபோகும். அங்கே கூடுதலாக வையுங்கள். இரண்டு பையின் வாய் விளிம்பையும் சேர்த்து ஒட்டுங்கள். உள்பைக்குள் பிள்ளை ஒரு கையை விட்டால் அதுதான் கையுறை. மற்றக் கைக்கு வெறும் இரட்டைப் பை. இரண்டு கையையும் ஒன்றாக ஐஸுக்குள் விடச் சொல்லுங்கள். வெறும் பைக் கை உடனே வெளியே வந்துவிடும். பனிக்கரடியின் தோலுக்குக் கீழே இந்தக் கொழுப்பு 11 சென்ரிமீற்றர் வரை தடிக்கும் என்று அப்போது சொன்னால் மனதில் நிற்கும்.

இதோடு நிறுத்திவிடாதீர்கள். "அப்ப மயிர் எதுக்கு டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். மாஜரினுக்குப் பதிலாகப் பஞ்சு அடைத்து இன்னொரு கையுறை செய்யுங்கள். இலவம்பஞ்சு வேண்டாம், அது லேசில் நனையாது. பாமசியில் விற்கிற பஞ்சுதான் சரி. காய்ந்த பஞ்சு நன்றாகவே காக்கும். மறுகா அதற்குள் தண்ணீர் விட்டுப் பிழிந்து, திரும்பக் கையை வைக்கச் சொல்லுங்கள். குளிர் ஏறும். பஞ்சுக்குள் இருந்த காற்றுப் போய்விட்டது. கரடியின் ரோமமும் அப்படித்தான்: தரையில் அதுதான் பெரிய காப்பு, கடலில் நனைந்ததும் வேலை கொழுப்புக்கு மாறுகிறது. கொழுப்புச் சேராத குட்டிகளுக்குக் குளிர்ந்த கடலில் நீந்துவது ஆபத்தாவதும் இதனால்தான். எனக்கு இந்தப் பாடத்தின் உயிரே இந்த இடம்தான்.

சின்னக் காது, குட்டை வால், 30 சென்ரிமீற்றர் வரை அகலமான பாதம் எல்லாவற்றையும் படத்தில் காட்டினால் போதும்.

ரோமத்துக்கு நிறமில்லை, தோல் கறுப்பு என்றதும், மயிர் வழியாக வெயில் தோலுக்கு இறங்குகிறது என்ற பழைய விளக்கத்தைச் சொல்லிவிடாதீர்கள். டானியல் கூன் என்ற பௌதிகவியலாளர் 1998இல் அந்த மயிரைச் சோதித்து, ஒளி அதற்குள் தூரம் போகாமலே உறிஞ்சப்படுகிறது என்று காட்டிவிட்டார்.