கார்னர் பிடித்த பிடியைக் கவர் கைவிடாமல் இருக்க

மின்னொளிக் கபடி நடக்கும் எந்த ஊரிலும் இதைப் பார்க்கலாம். தடுக்கும் அணியின் ஓரத்தில் நிற்கும் இடது கார்னர் பாய்ந்து, பாடி வந்த எதிரணி ரைடரின் கணுக்காலைக் கட்டிவிடுவான். கூட்டம் எழுந்து நிற்கும். அடுத்த நொடி ரைடர் முன்னால் விழுந்து, காலைப் பிடித்தவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய் நடுக்கோட்டில் விரலை வைத்துத் தப்பிவிடுவான். உடனே எல்லோரும் கார்னரைத் திட்டுவார்கள். எனக்கு நெஞ்சு எரியும். அவன் தன் வேலையைச் செய்துவிட்டான். வராமல் நின்றவர்கள் வேறு இரண்டு பேர்: நடுவை ஒட்டி இருபுறமும் நிற்கும் கவர்கள்.

நான் கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இளவயதில் பதினொரு ஆண்டுகள் வலது கவர் ஆடினேன். இப்போது மாலை நேரத்தில் ஊர்த் திடலில் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். பாதிப் பேர் விசைத்தறியில் பகல் ஷிப்ட் முடித்து வருகிறவர்கள். இரண்டு பேர் மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்குகிறார்கள். வலுவுக்குக் குறையே இல்லை. ஆனால் ஈரானின் ஃபசல் அத்ராச்சலியைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு வரும் ஒவ்வொருவனும் இடது கார்னர்தான் வேண்டும் என்கிறான். கவர் வேண்டும் என்று கேட்டு வந்தவன் இதுவரை ஒருவனும் இல்லை.

முதலில் பையன்களை உட்காரவைத்துக் கணக்கைச் சொல்லுங்கள். ஆண்கள் ஆடுகளம் 13 மீட்டர் நீளம். ஓர் அணிக்கு 6.5 மீட்டர். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் ரைடர் தாண்டியாக வேண்டிய பாக் கோடு, அதற்கும் 1 மீட்டர் உள்ளே கூடுதல் புள்ளிக்கான போனஸ் கோடு. போனஸ் கோட்டருகே கால் மாட்டியவன் வீட்டுக்கு 4.75 மீட்டர் தூரத்தில் இருக்கிறான் என்று கவர் நினைக்கிறான். அது தவறு. கையை நீட்டி விழுந்தால் அவன் உடம்பே இரண்டு மீட்டருக்கு மேல் அளந்துவிடும். மிச்சம் இரண்டரை மீட்டர். நல்ல தொடை வலுவுள்ளவனுக்கு இரண்டு தவ்வல். சுண்ணாம்பால் அந்த இடத்தில் கோடு போட்டு, ஒருவனைப் படுக்கவைத்துக் காட்டுங்கள். வாயால் பத்து முறை சொன்னாலும் ஏறாதது அதில் ஏறிவிடும்.

கவர் ஏன் நிற்கிறான்? சோம்பலால் அல்ல. பிடித்த ரைடர் தப்பிப் போனால், அவனைத் தொட்ட அத்தனை பேரும் வெளியே போக வேண்டும் என்பது விதி. 'நானும் போய்த் தொட்டால் இன்னொரு புள்ளி போகும்' என்ற கணக்கு அவன் காலைக் கட்டிவிடுகிறது. அரை நொடி யோசிக்கிறான், பிறகு போகிறான். அந்த அரை நொடி தாமதத்தில்தான் உண்மையிலேயே இரண்டு புள்ளி போகிறது. போவதானால் உடனே போக வேண்டும், இல்லையென்றால் போகவே கூடாது. தாமதித்துப் போவதைப் போல நட்டம் வேறில்லை.

ஒரு தேர்த் திருவிழா ஆட்டத்தில் நானும் அப்படி நின்றேன். 'மாட்டிக்கொண்டான்' என்று மனம் சொன்னது, கால் நின்றுவிட்டது. இழுபட்ட கார்னருக்குத் தோள் நழுவியது. அதன் பிறகு அவர் பழைய ஆட்டத்தை ஆடவே இல்லை. இந்தப் பாடத்தை நான் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்லிக்கொடுப்பதற்கு அதுதான் காரணம்.

இது கபடிக்கு மட்டும் உள்ள நோய் இல்லை. டெக்சாஸில் படிக்கும் என் பழைய மாணவன் ஒருவன், அங்கே கல்லூரி அணிகள் ஆடும் அமெரிக்கக் கால்பந்திலிருந்து ஒரு காட்சியை அனுப்பினான். 'ஸ்கிரீன்' என்று ஓர் ஆட்டம். ஓரத்தில் நின்று பந்து வாங்கும் ரிசீவருக்கு, ஆட்டம் தொடங்கும் கோட்டுக்குப் பின்னாலேயே பந்தைச் சட்டென்று வீசிவிடுவார்கள். அவனுக்கு முன்னால் நிற்கும் மற்ற ரிசீவர்கள் எதிரணித் தடுப்பாளர்களை மறித்து வழி திறக்க வேண்டும். பந்து கோட்டைத் தாண்டாதவரை, அது கைக்கு வருமுன்பே மறிக்கலாம். ஆனால் முதுகில் தள்ளினால் 10 யார்டு தண்டனை. காட்சியில் மறிக்க வேண்டிய இருவரும் ஆளை மறிக்காமல் திரும்பிப் பந்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பந்து வாங்கியவன் அங்கேயே சாய்க்கப்பட்டான். "சார், நம் வலது கவர் மாதிரியே நிற்கிறான், பாருங்கள்" என்றான் என் மாணவன். உண்மைதான். கையில் பந்து வராதவனுக்கும் முதல் பிடி போடாதவனுக்கும் வேடிக்கை பார்க்கும் ஆசை ஒன்றுதான்.

எங்கே தவறு என்று கண்டுபிடிக்க ஒரு கைபேசி போதும். பக்கவாட்டிலிருந்து எடுக்காதீர்கள், ஆள் மேல் ஆள் மறையும். தடுக்கும் அணியின் கடைக்கோட்டுக்குப் பின்னால், ஒரு டிராக்டர் டிரெய்லர் மேல் நின்று எடுங்கள். பார்க்கும்போது ரைடரைப் பார்க்காமல் கவர்களின் பாதங்களை மட்டும் பாருங்கள். பிடி விழுந்த கணத்தில் குதிகால் தரையில் பதிந்திருந்தால் அவன் வேடிக்கை பார்க்கிறான். பாதம் ரைடரின் முதுகைப் பார்த்துத் திரும்பியிருந்தால் அவன் துரத்துகிறான். இரண்டும் உதவாது. பாதம் ரைடருக்கும் நடுக்கோட்டுக்கும் இடையில் உள்ள வெற்றிடத்தைப் பார்த்து நகர வேண்டும். ரைடர் இருக்கும் இடத்துக்கு ஓடாதே, அவன் விழப்போகும் இடத்துக்கு ஓடு என்று நான் சொல்வது இதைத்தான்.

யார் எங்கே போவது என்பதையும் முன்பே பேசிவைக்க வேண்டும். கார்னரின் கையைக் கோத்திருக்கும் இன் ஆட்டக்காரன் இடுப்புக்குப் போகிறான். அந்தப் பக்கத்துக் கவர் முன்னால் வந்து நெஞ்சை அடைக்கிறான். எதிர்ப்பக்கக் கவர் நடுக்கோட்டோரம் வந்து, நீளும் கைக்குக் காவல். எதிர்க் கார்னரை நான் அனுப்புவதில்லை. சில பயிற்சியாளர்கள் ஏழு பேரையும் குவிப்பார்கள். குவியலில் இருவர் ஒரே தோளைப் பிடித்துக்கொண்டிருக்க, கால் சும்மா போய்க்கொண்டிருப்பதை நிறையப் பார்த்துவிட்டேன்.

பயிற்சிக்குச் செலவே வேண்டாம். ஒரு சாக்கில் தேங்காய் நாரை இறுக்கி அடைத்து வாயைத் தைத்துவிடுங்கள். நடுவில் கயிறு கட்டி நீங்கள் நடுக்கோட்டில் நின்றுகொள்ளுங்கள். கார்னர் சாக்கின் அடியைப் பிடிக்கட்டும். பிடித்த கணமே நீங்கள் இழுங்கள். சாக்கு கோட்டைத் தொடுமுன் கவர் வந்து தோளால் அடைக்க வேண்டும். முதல் வாரம் நடந்தே செய்யட்டும்; வேகம் பிறகு வரும். கையால் பற்றினால் கணக்கில்லை என்று சொல்லிவிடுங்கள். நின்றபடி கழுத்தையும் தோளையும் பற்றுகிறவனை ரைடர் சுமந்துகொண்டே போய்விடுவான். முழங்காலை மடக்கித் தாழ்ந்து, தோள் இடுப்பில் பதிய, கால்கள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தலை நிமிர்ந்து ரைடரின் உடம்புக்குப் பின்பக்கம் இருக்கட்டும். அவன் முழங்காலுக்கு முன்னால் தலையைக் கொடுக்கிறவனை அன்றைக்கு ஆட்டத்திலிருந்து நிறுத்துங்கள். இதில் தயவு வேண்டாம்.

குரல் கொடுக்கப் பழக்குகிறவர்கள் உண்டு. திருவிழா இரவில் ஒலிபெருக்கியும் தப்பட்டையும் முழங்கும்போது எந்தக் குரலும் கேட்காது. கோத்த கைதான் செய்தி. கார்னர் பாயுமுன் இன் ஆட்டக்காரனின் விரல்களை ஒருமுறை அழுத்தட்டும். அவன் நகர்வதைக் கண்டு கவர் நகரட்டும். இன் ஆட்டக்காரனின் கண்ணைக் கட்டிவிட்டு இதைப் பழக்கினேன். ஒரு மாதத்தில் அழுத்தத்துக்கும் அசைவுக்கும் இடையே நேரமே இல்லாமல் போனது.

மூவரோ அதற்குக் குறைவோ எஞ்சியிருக்கையில் ரைடரைப் பிடித்தால் அது சூப்பர் டேக்கிள், ஒரு புள்ளி கூடுதல். அப்போது யார் எங்கே என்ற பேச்செல்லாம் இல்லை. ஒருவன் தொட்டால் மற்ற இருவரும் போயாக வேண்டும்.

கடைசியாக, குறிப்பேடு. பிடி விழுந்தால் இரண்டு பெயர்களை எழுதுங்கள்: காலைப் பிடித்தவன், வழியை அடைத்தவன். பயிற்சி முடிந்ததும் இரண்டையும் சத்தமாகப் படியுங்கள். வர வேண்டியவன் வராத பிடியையும் தேதியோடு எழுதுங்கள், ஆனால் படிக்காதீர்கள். மற்றவர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிய பிறகு, "கண்ணு, இங்கே வா" என்று கூப்பிட்டு அந்தப் பக்கத்தை அவனிடம் மட்டும் காட்டுங்கள்.