என்.பி.ஏ. சீசனின் முதல் வாரங்களில் எதை நம்பிப் பேசலாம்?

அக்டோபர் பிற்பகுதியில் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் சீசன் தொடங்கிய இரண்டாவது வாரத்திலேயே, மும்பையின் மாட்டுங்காவிலும் சயானிலும் உள்ள தமிழ்க் கூடைப்பந்து ரசிகர்களிடையே தீர்ப்புகள் வரத் தொடங்கிவிடும்: இந்த அணி தேறாது, அந்தப் பயிற்சியாளரை மாற்ற வேண்டும், இந்த இளைஞர்தான் அடுத்த நட்சத்திரம். பல ஆட்டங்கள் நம் நேரப்படி விடியற்காலையில் தொடங்குவதால், லோக்கல் ரயிலில் அலுவலகம் போகும்போது ஸ்கோரையும் சுருக்கக் காட்சிகளையும் மட்டுமே பார்க்க வாய்க்கிறவர்கள் அதிகம். எங்கே கண்ணை வைக்க வேண்டும் என்று தெரிந்தால், அந்த அளவு பார்த்தே பொறுப்பாகப் பேசலாம்.

வெற்றி தோல்விக் கணக்கை முதலில் ஒதுக்கி வையுங்கள். 2019 அக்டோபர் 4, 5 தேதிகளில் வொர்லியின் என்.எஸ்.சி.ஐ. அரங்கில் நடந்த சீசனுக்கு முந்தைய ஆட்டங்களில் இந்தியானா பேசர்ஸும் சாக்ரமென்டோ கிங்ஸும் மோதியது மும்பை ரசிகர்களுக்கு நினைவிருக்கும். அந்தச் சீசனில் பேசர்ஸ் முதல் மூன்று ஆட்டங்களையும், கிங்ஸ் முதல் ஐந்து ஆட்டங்களையும் தோற்றன. முடிவில் பேசர்ஸ் 45 வெற்றி, 28 தோல்வியுடன் நிமிர்ந்து நின்றது. கிங்ஸ் 31 வெற்றி, 41 தோல்வியுடன் பின்தங்கியது. முதல் வாரப் பட்டியலை மட்டும் பார்த்தவரால் இந்த இரண்டு அணிகளையும் பிரித்தறிந்திருக்க முடியாது. 2024-25 சீசனிலும் இதுவே நடந்தது. முதல் 15 ஆட்டங்களையும் வென்ற கிளீவ்லாந்து கேவலியர்ஸை, முதல் 25 ஆட்டங்களில் 15 தோற்றிருந்த அதே பேசர்ஸ் பிளே-ஆஃப் இரண்டாம் சுற்றில் வெளியேற்றி, இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம் வரை சென்றது.

அடுத்து, மூன்று புள்ளி எறிதல்கள், அதாவது வளைகோட்டுக்கு வெளியிலிருந்து எறிபவை. தொடக்க வாரங்களில் நம்மை மிகவும் ஏமாற்றுவது இதுதான் என்பதால் இங்கே நிதானமாக நிற்க வேண்டும். பாக்ஸ் ஸ்கோரில் (ஆட்டத்தின் புள்ளிவிவரப் பட்டியலில்) ஓர் அணிக்கு 17-36 என்று இருந்தால், 36 முறை எறிந்து 17 முறை பந்து வளையத்துக்குள் போயிருக்கிறது என்று பொருள். நூற்றுக்கு முப்பத்தாறு என்ற வழக்கமான விகிதத்தில் 13தான் விழுந்திருக்கும். கூடுதலாக விழுந்த நான்கும் 12 புள்ளிகள், அதாவது ஓர் ஆட்டத்தையே புரட்டிப்போடும் அளவு. இந்தக் கூடுதல் அடுத்த வாரமும் தொடரும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. ஆனால் 36 முறை எறிவது என்பது அணி தானே எடுத்த முடிவு. ஆகவே முதல் எண்ணை விட்டுவிட்டு இரண்டாவது எண்ணைப் பின்தொடருங்கள்: சென்ற ஆண்டைவிட எறிதல்கள் கூடியிருக்கின்றனவா, அவற்றை எறிகிறவர் யார், தடுப்பவர் அருகில் இல்லாமல் எறிகிறாரா? எதிரணியின் மூன்று புள்ளி எறிதல்கள் தவறிப்போவதை வைத்து ஓர் அணியின் தற்காப்பைப் புகழ்வதையும் தள்ளிப்போடுவதே நல்லது.

தனி வீரரைப் பற்றிப் பேசும்போது, புள்ளிகளுக்கு முன்னால் அவர் ஆடிய நிமிடங்களைப் பாருங்கள். சென்ற ஆண்டு 18 நிமிடம் ஆடியவர் இப்போது 30 நிமிடம் ஆடுகிறார் என்றால், பயிற்சியாளர் அவரை நம்புகிறார் என்பதை நவம்பரிலேயே துணிந்து சொல்லலாம். நான்காவது கால்பகுதியின் கடைசி ஐந்து நிமிடங்களில், ஸ்கோர் நெருக்கமாக இருக்கும்போது களத்தில் நிற்கும் ஐவர் யார் என்பது இன்னும் தெளிவான சான்று. சுருக்கக் காட்சிகளில் பெரும்பாலும் அந்த நிமிடங்கள் இருக்கும் என்பதால், இதற்கு முழு ஆட்டத்தையும் பார்க்க வேண்டியதில்லை என்பது நம்மைப் போன்றவர்களுக்கு உண்மையிலேயே வசதி.

ஆட்ட அட்டவணையையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்: அடுத்தடுத்த இரவுகளில் ஆட்டமா, வெளியூரா, காயத்தால் யாராவது இல்லையா என்பவை போதும். வெற்றிகளின் எண்ணிக்கையைவிடச் சராசரிப் புள்ளி வித்தியாசம் அணியின் தரத்தை முன்னதாகக் காட்டும்; இரண்டு புள்ளியில் வென்ற ஐந்து ஆட்டங்களைவிட, பதினைந்து புள்ளியில் வென்ற மூன்று ஆட்டங்களை நான் அதிகம் நம்புவேன்.

உறுதியான தீர்ப்பைச் சுமார் 20 ஆட்டங்கள் வரை, அதாவது 82 ஆட்டங்கள் கொண்ட சீசனின் கால்பங்கு வரை ஒத்திவைக்கலாம். அது டிசம்பர் தொடக்கத்தை ஒட்டி வரும். கோடையில் ஒப்பந்தமான வீரர்களில் பெரும்பாலானோரை டிசம்பர் 15 முதல்தான் வேறு அணிக்கு மாற்ற முடியும். எந்த அணி தன் தொடக்கத்தை உண்மையிலேயே தோல்வியாகக் கருதுகிறது என்பது அதன்பிறகுதான் தெரியவரும்.