ஜனவரியில் டிஸ்னிலேண்ட் பாரிஸ் போகிறவர்களுக்கு: முதலில் பாதங்களைக் கவனியுங்கள்

பாரிஸ் பக்கம் வந்து சில மாதங்கள் ஆகி, காகித வேலையெல்லாம் ஓரளவு முடிந்து, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்து, வீட்டு ஹீட்டரை எத்தனையில் வைப்பது என்ற சண்டையும் ஓய்ந்த பிறகு, வீட்டில் யாராவது டிஸ்னிலேண்ட் பேச்சை எடுப்பார்கள். பெரும்பாலும் அது குளிர்காலத்தில்தான் நடக்கும். அதற்குக் காரணமும் உண்டு. நுழைவுச்சீட்டின் விலை தேதிக்குத் தேதி மாறும், கிறிஸ்துமஸ் அலங்காரமெல்லாம் இறங்கிய பிறகு ஜனவரி வார நாட்களில் விலை இறங்கும், கூட்டமும் குறையும். மூன்று வயது ஆகாத குழந்தைக்குச் சீட்டே வாங்க வேண்டாம். பிப்ரவரியில் மட்டும் பார்த்துப் போங்கள், பிரான்ஸ் முழுவதையும் மூன்று மண்டலமாகப் பிரித்து இரண்டிரண்டு வாரம் பள்ளி விடுமுறை விடுவார்கள், அப்போது கூட்டம் அள்ளும்.

நான் போன முதல் தடவை ஒரு ஜனவரி மாதம். புதுச்சேரியிலிருந்து வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. கான்வாஸ் ஷூ, ஜீன்ஸ், உள்ளே பருத்தி பனியன், மேலே நல்ல காசு கொடுத்து வாங்கிய தடி ஜாக்கெட். அந்த ஜாக்கெட் இருக்கும்போது குளிர் நம்மை என்ன செய்துவிடும் என்ற தைரியம். பிக் தண்டர் மவுண்டன் வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றோம். இடுப்புக்கு மேலே வியர்வை, கீழே கால் கட்டைவிரல் இரண்டும் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. வண்டி மலையைச் சுற்றிப் பாய்ந்தபோது எல்லாரும் குஷியில் கத்தினார்கள், நான் காற்று முகத்தில் அறைந்ததில் கத்தினேன். அன்றைக்கு எங்கள் கூட்டத்தில் இரவு வரை முகம் சுளிக்காமல் இருந்தவர் ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியார் ஒருவர்தான். எப்போதோ கொடைக்கானலுக்கு வாங்கிய குரங்குக் குல்லா, புடவைக்குள் கம்பளி லெக்கிங்ஸ், இரண்டு ஜோடி சாக்ஸ், அதற்கு மேல் மாமாவின் ஷூ. காலையில் அவரைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் உண்டு.

அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம், நான் குளிரை வீட்டுக்கும் வேலைக்கும் போகிற குளிராகக் கணக்குப் போட்டதுதான். ஸ்டேஷன் வரை பத்து நிமிடம் வேகமாக நடப்போம், பிறகு சூடான ரயில், பிறகு சூடான கட்டடம். பாரிஸ் பகுதியில் ஜனவரியில் பகலில் 7, 8 டிகிரி இருக்கும், இரவில் 2, 3க்கு இறங்கும். எண்ணைப் பார்த்தால் பயம் வராது. ஆனால் இங்கே விழுவது பெரும்பாலும் பனி கிடையாது, தூறல். ஈரக்காற்று. பூங்கா இருக்கும் ஷெஸி பாரிஸுக்குக் கிழக்கே 30 கிலோமீட்டர் தள்ளி, 1992இல் திறப்பதற்கு முன்னால் பீட்ரூட் வயல்களாகக் கிடந்த சமவெளி, காற்றுக்கு மறைப்பு இல்லை. அங்கே எட்டு, பத்து மணி நேரம் வெளியில் இருக்கப் போகிறீர்கள், அதில் பாதி நேரம் ஒரே இடத்தில் நிற்கப் போகிறீர்கள். நடக்கிற வரை குளிர் தெரியாது. நின்றால் பிடித்துக்கொள்ளும். வரிசை, ஊர்வலத்துக்காக ஓரத்தில் இடம் பிடித்து நிற்பது, இரவு வாணவேடிக்கைக்காகக் காத்திருப்பது, இந்த மூன்றுக்கும்தான் தயாராக வேண்டும்.

அதனால் ஷாப்பிங்கைக் காலிலிருந்து தொடங்குங்கள். குளிர்ந்த தரை உள்ளங்காலிலிருந்து சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், மெல்லிய அடிப்பாகம் உள்ள ஷூ எவ்வளவு விலையானாலும் பிரயோஜனமில்லை. தடித்த அடி, தண்ணீர் புகாத மேல்பாகம், கம்பளி கலந்த சாக்ஸ். இரண்டு சாக்ஸ் போடுவதாக இருந்தால் ஷூ ஒரு அளவு பெரிதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கால் இறுகி ரத்த ஓட்டம் குறைந்து இன்னும் சில்லிட்டுப் போகும் (மாமாவின் ஷூ ரகசியம் இதுதான்). பையில் ஆளுக்கு ஒரு ஜோடி மாற்று சாக்ஸ், ஒரு பிளாஸ்டிக் கவரில் சுற்றி. மத்தியானம் மூன்று மணிக்குச் சாக்ஸை மாற்றிப் பாருங்கள், புது ஆளாக எழுந்து நடப்பீர்கள்.

உடம்புக்கு ஒரே தடி ஜாக்கெட்டை நம்ப வேண்டாம். உடம்போடு ஒட்டிய தெர்மல் உள்ளாடை, அதன் மேல் ஃபிளீஸ் அல்லது கம்பளி ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் மழையும் புகாத ஜாக்கெட், அதில் தலையை மூடும் தொப்பியும் இருக்கட்டும். தெர்மல் பேண்டையும் மறந்துவிடாதீர்கள், நம் ஆட்கள் மேலே நாலு துணி போட்டுக்கொண்டு கீழே ஒரு ஜீன்ஸோடு கிளம்பிவிடுவார்கள். டெகாத்லோன் விளையாட்டுச் சாமான் கடையில் பனிச்சறுக்குப் பகுதியில் தெர்மல் மலிவாகவே கிடைக்கும். மழைக் கோட்டையும் அங்கேயே வாங்கிவிடுங்கள், பூங்காவுக்குள் வாங்கினால் மிக்கி படத்துக்கும் சேர்த்துக் காசு போகும். பருத்தி பனியன் வேண்டாம், வியர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே ஒட்டிக்கொண்டிருக்கும். வியர்வை எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். பாரிஸையும் புறநகரையும் இணைக்கும் ஆர்.இ.ஆர். ரயிலிலிருந்து வரும். பாரிஸ் நடுவில் இருக்கும் ஷாத்லே ஸ்டேஷனிலிருந்து ஷெஸி வரை சுமார் நாற்பது நிமிடம், சூடாக்கிய பெட்டி, நெரிசல், நாலு அடுக்குத் துணி. நனைந்த முதுகோடு வெளியே இறங்கினால் அப்புறம் நாள் முழுக்க நடுக்கம்தான். ரயிலில் ஏறியதும் ஜாக்கெட்டையும் ஃபிளீஸையும் கழற்றி மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரயில் என்றதும் இன்னொன்று. ஆர்.இ.ஆர். ஏ தடத்தின் கிழக்குப் பக்கம் வான்சேன் ஸ்டேஷனுக்குப் பிறகு இரண்டாகப் பிரியும். மார்ன்-லா-வாலே ஷெஸி என்று பலகையில் இருந்தால் மட்டும் ஏறுங்கள், இன்னொரு கிளை புவாசி-சேன்-லெஜே பக்கம் கொண்டுபோய் விட்டுவிடும். நவிகோ என்ற பயண அட்டையில் எல்லா மண்டலங்களுக்குமான மாதச் சந்தா இருந்தால் தனிச்சீட்டு தேவையில்லை.

உங்களை விடக் குழந்தையைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். தள்ளுவண்டியைத் தள்ளுகிறவருக்கு வேர்க்கும், உள்ளே உட்கார்ந்திருக்கும் குழந்தை அசையாமல் விறைத்துக்கொண்டிருக்கும். நமக்குக் குளிரவில்லையே என்று நாம் அதைக் கவனிப்பதில்லை. தள்ளுவண்டியில் மாட்டும் கால்பை ஒன்று உண்டு, பிரெஞ்சில் சான்செலியேர் என்பார்கள், பயன்படுத்தியதை வாங்கினாலும் போதும். மேலே மழை மூடியைப் போட்டால் காற்றும் தடைபடும். குழந்தைக்குக் குளிர்கிறதா என்று கையைத் தொட்டுப் பார்க்காதீர்கள், கை எப்போதும் சில்லென்றுதான் இருக்கும். பிடரியில் விரலை வையுங்கள். அங்கே கதகதப்பாக இருந்தால் கவலையில்லை, சில்லென்றிருந்தால் உடனே உள்ளே தூக்கிப் போங்கள், ஈரமாக இருந்தால் துணி அதிகம். மூன்று நாலு வயதுப் பிள்ளைக்கு ஒரே துண்டாகத் தைத்த பனி உடுப்பு பார்க்க அழகுதான், ஆனால் "அம்மா ஒண்ணுக்கு" என்று அது துள்ளும்போது கழிப்பறை வாசலில் நின்று ஜிப்போடு மல்லுக்கட்டிப் பாருங்கள், அடுத்த முறை பேண்ட் தனி, ஜாக்கெட் தனி என்று நீங்களே வாங்குவீர்கள். இளவரசி கவுன் போட்டே ஆக வேண்டும் என்று அடம் பிடித்தால் தெர்மலும் ஸ்வெட்டரும் போட்டு அதன் மேல் கவுனை மாட்டுங்கள், கவுன் இரண்டு அளவு பெரிதாக வாங்கியிருந்தால் சண்டை இல்லை. கையுறை இரண்டையும் ஒரு நூலில் கோத்து சட்டைக் கைக்குள் விட்டுவிடுங்கள்.

உள்ளே போனதும் எல்லாரும் நேரே கோட்டையைப் பார்த்து மெயின் ஸ்ட்ரீட் நடுவில் நடப்பார்கள். மழையோ காற்றோ இருந்தால் நீங்கள் அப்படிப் போக வேண்டாம். தெருவின் இரண்டு பக்கமும் கடைகளுக்குப் பின்னால் கூரை போட்ட நடைபாதை இருக்கிறது, ஒன்று லிபர்ட்டி ஆர்கேட், இன்னொன்று டிஸ்கவரி ஆர்கேட். இந்த ஊர் வானிலைக்காகவே வைத்தது. பாதிப் பேர் கண்ணில் அது படுவதே இல்லை.

விளையாட்டுகளை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வரிசையும் உள்ளே, சவாரியும் உள்ளே என்பது முதல் வகை. பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன் அப்படி, குளிர்காலத்தில் அதை இரண்டு தடவை போனாலும் தப்பில்லை. ஸ்டார் டூர்ஸும் கிட்டத்தட்ட அப்படித்தான். இரண்டாவது வகை ஏமாற்றும்: சவாரி உள்ளே, வரிசை வெளியே. பீட்டர் பான், இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட் இரண்டும் இந்த ரகம், தலைக்கு மேல் கூரை இருக்கும், பக்கவாட்டில் காற்று வரும். பீட்டர் பானுக்கு எப்போதும் கூட்டம், அதனால் திறந்ததும் முதலில் அங்கே ஓடிவிடுங்கள். மூன்றாவது வகை முழுக்க வெளியே: பிக் தண்டர், டம்போ, ராட்டினங்கள். இவற்றைப் பன்னிரண்டிலிருந்து மூன்று மணிக்குள், கொஞ்சம் வெளிச்சம் இருக்கும்போது முடித்துவிடுங்கள். கால் வலிக்கிறது, ரயிலில் உட்கார்ந்து பூங்காவைச் சுற்றி வருவோம் என்று பெரியவர்களைக் கூட்டிப் போவார்கள். அந்த ரயிலின் ஒரு பக்கம் திறந்திருக்கும், அசையாமல் உட்கார்ந்து எதிர்க்காற்று வாங்கிக்கொண்டு வர வேண்டும். அதை விடக் குளிரான இருக்கை அங்கே கிடையாது.

நடுவில் சும்மா ஒதுங்குவதற்கு, வரிசையே இல்லாத இடங்கள் உண்டு. கோட்டையின் மாடியில் வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள், கீழே குகையில் ஒரு பெரிய டிராகன் மூச்சு விட்டுக்கொண்டு படுத்திருக்கும். அலாதீன் நடைவழி, நாட்டிலஸ் நீர்மூழ்கி எல்லாம் நடந்து பார்ப்பவைதான். பிள்ளைக்கு வேடிக்கை, நமக்கு காற்றிலிருந்து விடுதலை. குளிர்காலத்தில் பழுதுபார்க்கச் சில சவாரிகளை வாரக்கணக்கில் மூடுவார்கள், எது மூடியிருக்கிறது என்று பூங்காவின் செயலியில் முதல் நாளே பார்த்துவிடுங்கள், வாசலில் பிள்ளையைச் சமாதானப்படுத்துவது பெரும்பாடு.

சாப்பாட்டுக்கு நாங்கள் வழக்கமாக முதல் நாள் பாரிஸில் தமிழ்க் கடைகள் இருக்கும் லா ஷப்பேலில் ரோல்ஸும் வடையும் வாங்கி வைத்துக்கொள்வோம், சைவக்காரர்களுக்கு எலுமிச்சை சாதம். சிற்றுண்டி அளவுக்குப் பையில் கொண்டு போகலாம், கண்ணாடி பாட்டிலை மட்டும் வாசலில் தடுப்பார்கள். ஆனால் ஜனவரியில் ஆறிப்போன எலுமிச்சை சாதத்தை வெளி பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுவது தண்டனை. அகல வாய் ஃப்ளாஸ்கில் சுடச்சுட ரசம் சாதம் கொண்டு போனவரைப் பார்த்திருக்கிறேன், கைகூப்பத் தோன்றியது. ஒருவேளையாவது உள்ளே உட்கார்ந்து சாப்பிடக் காசு ஒதுக்குங்கள். சாப்பாட்டை விட அந்த ஒரு மணி நேரச் சூடுதான் முக்கியம், பதினொன்றரைக்கோ இரண்டரைக்குப் பிறகோ போனால் மேசை கிடைக்கும். குளிரில் தாகம் தெரியாது, தண்ணீர் குடிக்க மறந்து மாலையில் தலைவலி என்பார்கள். உதட்டுக்கு வாஸ்லின் போதும். தேங்காய் எண்ணெய் கொண்டு வராதீர்கள், அது பாட்டிலுக்குள்ளேயே கல்லாகிவிடும்.

குளிரில் போன் பேட்டரியும் சுருண்டுவிடும். முப்பது சதவீதம் காட்டிக்கொண்டிருந்த என் போன் மாலை ஐந்தரைக்குச் சட்டென்று அணைந்தது, எல்லாருடைய சீட்டும் அதற்குள். ஜாக்கெட்டின் உள் பையில், உடம்போடு ஒட்டி வையுங்கள், பவர் பேங்கையும் அதோடு. சீட்டை ஒரு தாளில் அச்சடித்தும் வைத்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் கடைசியில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும், ஜனவரியில் கொஞ்சம் தள்ளி. அந்த நேரத்தில்தான் விளக்குகள் எரிந்து இடம் நிஜமாகவே அழகாகும், குளிரும் ஏறும். இரவு நிகழ்ச்சிக்கு நல்ல இடம் வேண்டும் என்று கோட்டை முன்னால் ஒரு மணி நேரம் நிற்கிறவர்கள் நிற்கட்டும். சின்னப் பிள்ளையோ பெரியவர்களோ கூட இருந்தால் கடைசிப் பதினைந்து நிமிடம் வரை கடைகளுக்குள்ளேயே சுற்றுங்கள், மெயின் ஸ்ட்ரீட்டில் பின்னால் நின்றாலும் தெரிகிறது. நிற்க ஆரம்பிக்கும் முன்பே, குளிர் ஏறிய பிறகு அல்ல, கையைச் சூடாக்கும் சின்னச் சூட்டுப் பொட்டலங்களைப் பிரித்துக் கையுறைக்குள் போடுங்கள். ஷோஃப்ரெத் என்று கேட்டால் கடையில் கொடுப்பார்கள், தோலில் நேரடியாகப் படக் கூடாது.

முடிந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் ஸ்டேஷனுக்குப் பாய்வார்கள். வாசலிலிருந்து ஸ்டேஷன் சில நிமிட நடைதான், அவசரப்படாதீர்கள், ஷெஸி கடைசி ஸ்டேஷன், வண்டி அங்கிருந்துதான் கிளம்பும், ஒரு வண்டி விட்டால் அடுத்ததில் உட்கார இடம் கிடைக்கும். கடைசி வண்டி எத்தனை மணிக்கு, அன்றிரவு தடத்தில் வேலை ஏதும் நடக்கிறதா என்று மட்டும் காலையிலேயே பார்த்து வையுங்கள். உட்கார்ந்ததும் பிள்ளையின் ஈர சாக்ஸைக் கழற்றிவிடுங்கள், வான்சேன் வருவதற்குள் தூங்கிவிடும். இறங்கும் முன் கையுறைகளை எண்ணிப் பாருங்கள், நூலில் கோத்திருந்தாலும்.