கன்றுக்கு நுண்ணூட்டம் தெளிக்கும்போது சறுக்கும் இடங்கள்

பினாங்கின் ஆயர் ஈத்தாமில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் லிமாவ் கஸ்தூரி (சிறு எலுமிச்சை வகை) கன்றின் இலை நுனிகள் ஒரே வாரத்தில் கருகிப்போயின. நோய் எதுவும் இல்லை. போரான் என்ற நுண்ணூட்டத்துக்காகப் போரிக் அமிலத்தைக் கைக்கணக்கில் போட்டு நான்தான் தெளித்தேன். போரானில் பற்றாக்குறைக்கும் நஞ்சுக்கும் இடைவெளி மிகக் குறைவு. லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம் போரிக் அமிலமே வளர்ந்த மரத்துக்குரிய அளவு. இளங்கன்றுக்கு அதில் பாதியில் தொடங்கலாம். தேக்கரண்டியை நம்பாமல் சின்னத் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு தவறு உண்டு. இலை மஞ்சளானதும் பம்பைத் தூக்குகிறோம், எந்த இலை மஞ்சள் என்று பார்ப்பதில்லை. துத்தநாகம், இரும்பு, மாங்கனீசு குறைந்தால் புது இலையில்தான் முதலில் தெரியும்: நரம்பு பச்சையாக இருக்கும், நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி வெளிறும். துத்தநாகக் குறை என்றால் இலை சிறுத்தும் போகும். அடியில் இருக்கும் முதிர்ந்த இலைகள் மஞ்சளானால் தழைச்சத்தோ மெக்னீசியமோ குறைந்திருக்கலாம். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கி வேர் அழுகினாலும் இலை மஞ்சளாகும்; அதற்கு எதைத் தெளித்தும் பயனில்லை.

நம் ஊர் மண் பெரும்பாலும் புளிப்பு என்பதால் சுண்ணாம்பு போடுவோம். சரி, ஆனால் அளவு மிஞ்சினால் துத்தநாகமும் இரும்பும் மண்ணிலேயே முடங்கிவிடும். கீழே சுண்ணாம்பைக் கொட்டிவிட்டு மேலே துத்தநாகம் தெளிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

துத்தநாக சல்பேட்டுக்கு வழக்கமான அளவு லிட்டருக்கு 5 கிராம். அதில் பாதி எடை நீர்த்த சுண்ணாம்பைத் தனியே கரைத்து, வடிகட்டிச் சேர்த்தால் இலை கருகாது. கன்றுக்கு இரண்டையுமே பாதியாக்குங்கள். பாஸ்பேட் உரத்தை இதோடு கலக்காதீர்கள். கலவை திரிந்து, அடியில் படிந்து, பம்பின் மூக்கை அடைக்கும்.

உச்சி வெயிலில் தெளித்தால் தண்ணீர் உடனே காய்ந்து, உப்பு மட்டும் இலைமேல் தங்கிச் சுடும். பினாங்கில் மாலை மழையையும் நம்ப முடியாது. காலை 7 முதல் 9 வரை எனக்குச் சரியாக வருகிறது. இலையின் அடிப்பக்கமும் நனையட்டும். மாங்கன்றின் செந்தளிர் பச்சைக்கு மாறும்வரை பொறுங்கள். டுரியானின் வழவழப்பான இலையில் துளிகள் உருண்டோடும் என்பதால் ஒட்டும் திரவம் கொஞ்சம் தேவை. அதற்காகப் பாத்திர சோப்பைத் தாராளமாக ஊற்றினால் அதுவும் சுடும்.

அப்புறம், ஒரு வாரத்தில் பச்சையாகவில்லை என்று மறுபடியும் தெளிக்க வேண்டாம். கருகிய நுனி திரும்பப் பச்சையாகாது. பார்க்க வேண்டியது அடுத்த துளிரை.